சுருள் கணிதம் பிறந்த கதை

விளக்குமாற்றுக் குச்சிகளை விரல் நீளத்துக்கு ஒடித்து வகுப்பறை நடுவில் குவியலாகக் கொட்டியிருந்தேன். செவ்வாய்க்கிழமை காலை. மழைக்கு இருட்டிக்கொண்டு வந்தது, லைட்டைப் போட்டால் கரண்ட் இல்லை. அந்த மங்கலில் மூன்றாம் வகுப்பு இசக்கியம்மாள் குவியலுக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"எத்தன குச்சி இருக்குன்னு எண்ணிச் சொல்லுட்டி. அவசரமில்ல, பைய எண்ணு" என்றேன்.

அவசரமில்லை என்று சொன்னது இரக்கத்தில். என் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே 'மெல்லக் கற்பவர்' என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது. எழுதியது நான்தான். ஏழாம் வாய்பாட்டை ஆறு மாதமாகச் சொல்லிக்கொடுத்தும் ஏழு மூணு இருபத்தொண்ணைத் தாண்டி அவள் போனதில்லை.

அவள் மற்றப் பிள்ளைகளைப் போல ஒன்று, இரண்டு என்று எண்ணவே இல்லை. ஒரு கை அள்ளினாள். விரல்கள் ஐந்து ஐந்தாக ஐந்து தரம் போய் வந்தன. மூலையில் கிடந்த சாக்கிலிருந்து ஒரு நூலை உருவிக் கட்டைச் சுற்றி முடிந்தாள். குச்சிகளின் முனையைக் கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தி ஓரமாக வைத்தாள். அடுத்த கை அள்ளினாள். நான் கண்ணாடியைக் கழற்றிச் சேலையில் துடைத்து மாட்டுவதற்குள் பக்கத்தில் மூன்று கட்டு இருந்தது.

"பன்னெண்டு கட்டு, மிச்சம் எட்டு. முந்நூத்தி எட்டு டீச்சர்" என்றாள்.

சரியா என்று எனக்குத் தெரியாது. ஒடிக்கும்போது நான் எண்ணவில்லை. பிள்ளைகளை எண்ணச் சொல்கிற டீச்சர் தானும் எண்ணி வைத்திருக்க வேண்டும் என்று எந்தச் சுற்றறிக்கையிலும் போட்டிருக்கவில்லை. பிறகு நானும் பாத்திமா டீச்சரும் தரையில் உட்கார்ந்து, இரண்டு தரம் தப்பி, மூன்றாம் தரம் எண்ணி முடித்தோம். முந்நூற்று எட்டு.

பன்னிரண்டு மணிக்குள் குதூகலம்

போன வாரம் இந்தப் பக்கத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஒரு வாசகர், ஆசிரியர்கள் எல்லாம் தெய்வங்கள் என்று மனமுருகிக் கடிதம் போட்டிருக்கிறார். அவருக்காகவே இந்த வாரம் இதை எழுதுகிறேன்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்களுக்கு முன்னால் நடந்தது. தச்சநல்லூரில் என் வீடு. சீவலப்பேரி போகிற டவுன் பஸ்ஸில் ஏறிப் பாதி வழியில் இறங்கினால் பள்ளிக்கூடம். ஊர்ப் பெயர் வேண்டாம். அந்த ஊர்க்காரர்களுக்கு என்னால் வந்த பெயர் போதும். பள்ளியில் ஐந்து வகுப்பு, இருபத்து மூன்று பிள்ளைகள், இரண்டு டீச்சர். நான் தலைமை ஆசிரியை. நான் தலைமை தாங்குவதற்கு இருந்தது பாத்திமா ஒருத்திதான்.

பாத்திமா மேலப்பாளையத்துப் பெண், சின்ன வயசு. நான் பத்து வார்த்தை பேசினால் அவள் ஒரு வார்த்தை பேசுவாள். அந்த ஒன்று பெரும்பாலும் சரியாக இருக்கும். அதனாலேயே எனக்கு அவள்மேல் உள்ளூரக் கொஞ்சம் கடுப்பு உண்டு.

அந்த வருடம் மழைக்காலத்தில்தான், பிள்ளைகள் குதூகலிக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. 'கற்றல் குதூகல வாரம்'. திங்கள் முதல் வெள்ளி வரை ஒரு நாளைக்கு ஒரு செயல்பாடு. குதூகலித்ததற்கு ஆதாரமாகத் தினமும் நான்கு படமும் ஒரு வீடியோவும் பகல் பன்னிரண்டு மணிக்குள் வாட்ஸாப் குழுவில் போட்டுவிட வேண்டும். பன்னிரண்டுக்கு மேல் ஒரு பிள்ளை குதூகலித்தால் அது செல்லாது.

கூடவே ஒரு பிளக்ஸ் வந்தது. எங்கள் சுவரைவிட இரண்டு முழம் நீளம். மடித்துக் கட்டியதில் 'குதூகல' என்ற சொல் மட்டும் மடிப்புக்குள் போய்விட்டது. இந்த ஒரு வாரம்தான் இங்கே கற்றல் நடக்கப்போகிறது என்று ஊருக்கு அறிவித்த மாதிரி 'கற்றல் வாரம்' என்று அது நின்றது. பாத்திமா அதைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

திங்கட்கிழமை கதை நாள். அட்டையில் முகமூடி செய்து முயலும் சிங்கமும் நடிக்க வேண்டும். முயலாக ஒரு பயலும் சம்மதிக்கவில்லை. ஒன்பது சிங்கங்கள் வட்டமாக நின்று உறுமியதைப் படம் எடுத்து அனுப்பினேன். குழுவில் எல்லாரும் கை தட்டினார்கள். அந்தக் குழுவில் எதற்கும் கை தட்டுவார்கள். யாராவது இறந்த செய்தி போட்டாலும் அவசரத்தில் இரண்டு பேர் தட்டிவிடுவார்கள்.

செவ்வாய் எண்ணும் நாள். ஆளுக்கு இருபது பொருள் வீட்டிலிருந்து கொண்டுவரச் சொல்லியிருந்தேன். புளியங்கொட்டை வந்தது, வேப்பங்கொட்டை வந்தது. ஒருவன் இருபது கடலை கொண்டுவந்து, பிரேயர் முடிவதற்குள் தின்று தீர்த்து, கழித்தல் கணக்கில் எங்களுக்கு ஒரு செயல்விளக்கம் தந்தான். இன்னொருவன் வயலிலிருந்து இருபது நத்தை பொறுக்கி வந்தான். எண்ணி முடிப்பதற்குள் அவை கிளம்பிவிட்டன. கடைசி நத்தையைச் சாயங்காலம் சத்துணவு அரிசி மூட்டைமேல் கண்டெடுத்தோம்.

இசக்கி ஒன்றும் கொண்டுவரவில்லை. அதனால்தான் அவளுக்கு என் விளக்குமாற்றுக் குச்சி.

லாபம், ரெண்டு, மூணு

எண்ணுவதைப் பற்றி எனக்கும் ஒரு பழைய கதை உண்டு.

நான் படித்தது ஆழ்வார்திருநகரியில். அப்போது எங்கள் குடும்பத்துக்குக் கொஞ்சம் வயல் இருந்தது. களத்தில் நெல் அளக்கிறவர் முதல் மரக்காலை 'ஒன்று' என்று சொல்லமாட்டார். 'லாபம்' என்பார். லாபம், ரெண்டு, மூணு என்று ராகம் போட்டு இழுத்துக்கொண்டே போவார். முதல் வகுப்பில் என்னை எண்ணச் சொன்னபோது நானும் எழுந்து நின்று "லாபம், ரெண்டு, மூணு" என்று ராகம் போட்டேன். வாத்தியார் தலையில் ஒரு குட்டு வைத்தார். மத்தியானம் வீட்டில் போய் அழுதேன். அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். வந்தவர் போனவரிடம் எல்லாம், "களத்துக் கணக்கு இப்பமே இவளுக்குத் தண்ணிபட்ட பாடு" என்று சொல்லிப் பெருமைப்பட்டார்.

பயிற்சி வகுப்புகளில் இந்தக் கதையை நான் பல தரம் சொல்லியிருக்கிறேன். பிள்ளை வீட்டிலிருந்து கொண்டுவருகிற அறிவை மதிக்க வேண்டும் என்று முடிப்பேன். நல்ல கைதட்டல் கிடைக்கும். களத்தில் நான் நிழலாகப் பார்த்து ஒரு சாக்குமேல் உட்கார்ந்திருந்தேன் என்பதையும், வெயிலில் நின்று அளந்தவர் வேறு ஆள் என்பதையும் அப்போது சொல்வதில்லை. சொன்னால் கைதட்டல் குறையும் என்று ஒரு பயம்.

இசக்கி முந்நூற்று எட்டு என்று சொன்னதும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது இந்தக் கதைதான். உடனே போனை எடுத்தேன்.

"கட்ட எல்லாம் பிரிச்சிப் போட்டுட்டு இன்னொரு தரம் எண்ணுட்டி" என்றேன்.

எண்ணினாள். நான் வீடியோ எடுத்துக்கொண்டே கேட்டேன். நாற்பது கட்டு? "ஆயிரம்." இருபத்தெட்டு கட்டு? "எழுநூறு." பதினாறு கட்டு? "நானூறு டீச்சர்." சிரிப்பில்லை, யோசனையில்லை. கையும் நிற்கவில்லை.

பாத்திமா என் தோளுக்குப் பின்னால் நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "டீச்சர், இத அனுப்பாண்டாம்" என்றாள்.

"ஏன்?"

"அந்தக் கட்டைவிரலப் பாருங்க."

பார்த்தேன். முனையை அழுத்திவிட்டு அடுத்ததற்குப் போகிற சின்ன விரல். "நல்லாத்தான இருக்கு" என்றேன். இப்படி ஒரு வீடியோ தனக்கு அமையவில்லையே என்று இவளுக்குப் பொறாமை என்று நினைத்துக்கொண்டேன். மணி பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருந்தது. பள்ளிப் பெயரையும் 'மெல்லக் கற்பவர்' என்பதையும் மேலே எழுதி அனுப்பிவிட்டேன்.

கைதட்டல்

குழு கொண்டாடியது. மஞ்சள் கைகள் வரிசையாக வந்து விழுந்தன. ஒரு மெல்லக் கற்பவரை இந்த நிலைக்குக் கொண்டுவந்த தலைமை ஆசிரியையின் அர்ப்பணிப்புக்கு வாழ்த்து என்று ஒருவர் எழுதினார். நான் அதை என் வீட்டுக்காரருக்கு அனுப்பிவைத்தேன். 'சாயங்காலம் வரும்போது பால் வாங்கிட்டு வா' என்று அவர் பதில் போட்டார்.

மூன்று மணி சுமாருக்கு, இன்னொரு பள்ளிக்கூடத்து சார் ஒருவர் மூன்று கையைத் தட்டிவிட்டு அதற்குக் கீழே எழுதினார்: 'அருமை. அச்சு அசல் பீடிக் கட்டு.'

அதற்குப் பிறகு ஒரு கையும் வரவில்லை.

எனக்குத் தெரியாது என்று சொன்னால் அது பொய். அந்த ஊரில் பத்து வீட்டுக்கு எட்டு வீட்டில் பெண்கள் பீடி சுற்றுகிறவர்கள். மடியில் முறம் மாதிரி ஒரு சுளகு, சுளகில் இலையும் புகையிலைத் தூளும். கடையில் இலை வாங்கி வந்து, சுற்றி, நூல் கட்டி, முனை மடக்கி, இருபத்தைந்து இருபத்தைந்தாகக் கட்டித் திருப்பிக் கொடுப்பார்கள். பஸ்ஸிலிருந்து இறங்கிப் பள்ளிக்கு நடக்கிற வழி முழுக்க அந்த வாடை வரும். இதெல்லாம் எனக்குத் தெரிந்ததுதான். அன்றைக்கு அது நினைப்பில் வரவில்லை. என் நினைப்பெல்லாம் கற்றல் விளைவு என்ற கட்டத்தில் என்ன எழுதலாம் என்பதில் இருந்தது.

பதினாலு வயதுக்குக் கீழே ஒரு பிள்ளை பீடி வேலை செய்தால் அது குற்றம். வேலை வாங்கியவர் வீட்டுக்கு ஆள் வரும். அதற்கான சாட்சியத்தை நல்ல வெளிச்சம் இல்லாத குறை ஒன்றைத் தவிர மற்றபடி தெளிவாக நானே படம் பிடித்து, முகம் தெரிய, பள்ளிப் பெயரோடு ஊருக்கெல்லாம் அனுப்பியிருந்தேன்.

புதன்கிழமை காலையிலேயே வட்டாரக் கல்வி அலுவலர் போன் செய்தார். "வீடியோ பாத்தேன். வெள்ளிக்கிழமை நேர்ல வாரேன். அந்தப் பிள்ளை இருக்கணும்" என்றார். குரலில் கோபமும் இல்லை, சந்தோஷமும் இல்லை. அது எனக்கு இன்னும் பயத்தைத் தந்தது.

அன்றைக்குச் சுவை நாள். கண்ணைக் கட்டிக்கொண்டு பிள்ளைகள் உப்பையும் சீனியையும் நக்கிக்கொண்டிருந்தபோது பாத்திமாவைத் தனியே கூப்பிட்டேன். "அது பீடிக் கைன்னு ஒனக்கு எப்படித் தெரிஞ்சது?"

"ரெண்டாங் கிளாசுல இருந்து டீச்சர் டிரெயினிங் முடிக்கிறது வரைக்கும் நானும் மடக்கினேன் டீச்சர். எங்க உம்மா சுத்துவாவ, நான் மடக்குவேன். இருபத்தஞ்சாம் வாய்பாடு எனக்கும் தூக்கத்துல வரும்."

"அத நேத்தே சொல்லியிருக்கலாம்லா?"

"அனுப்பாண்டாம்னு சொன்னேன்லா" என்றாள். அவள் குரலை உயர்த்தவில்லை. எனக்குத்தான் காது சுட்டது.

நகம்

வியாழக்கிழமை இசக்கி வரவில்லை. அவளுடைய அம்மா வேலம்மாள் வந்தாள். வாசற்படிக்கு வெளியிலேயே நின்றாள். உள்ளே வா என்றேன், வரவில்லை.

"ஒங்களுக்கு நான் என்ன கெடுதல் செஞ்சேன் டீச்சர்?"

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"யாரோ அனுப்புன ஒங்க வீடியோவப் பீடிக் கடை அண்ணாச்சி போன்ல போட்டுக் காமிச்சாவ. 'ஆபீசர் வந்தாம்னா ஒன் பீடித் தொழிலாளி கார்டு போயிரும், அதுக்குப் பொறவு எங்கிட்ட இலை கேட்டு வந்துராத'ன்னு சொல்லிட்டாவ. இவ அப்பா தவறுன பொறவு அந்தக் கார்டு ஒண்ணுதான் எங்க ரெண்டு பேருக்கும். படிக்கத்தான அனுப்புனேன். படம் பிடிக்கவா அனுப்புனேன்? இனி அவ வரமாட்டா."

போய்விட்டாள். அன்று விளையாட்டு நாள். பிள்ளைகள் ஒருவரையொருவர் சாக்குக்குள் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். நான்கு படம் எடுத்தேன். எதை எடுத்தேன் என்று இப்போது ஞாபகமில்லை.

சாயங்காலம் நாலரை பஸ்ஸை விட்டுவிட்டு வேலம்மாள் வீட்டுக்குப் போனேன். அந்த ஊரில் அத்தனை வருடம் வேலை பார்த்ததில் நான் ஒரு பிள்ளையின் வீட்டுக்குப் போனது அதுதான் முதல் தடவை. தெய்வங்கள் வீடு வீடாகப் போவதில்லை, வாசகர் மன்னிக்க வேண்டும்.

ஒற்றை அறை. ஈரத்துணியில் சுற்றி வைத்த இலைக் கட்டு. உள்ளே நுழைந்ததுமே தூள் வாடை மூக்கில் ஏறி மூன்று தும்மல் போட்டேன். வேலம்மாள் மடியில் ஒரு சுளகு. எதிரே பள்ளிச் சீருடையோடு இசக்கி. ஸ்கூலுக்கு அனுப்பாவிட்டாலும் பிள்ளை காலையில் சீருடையைப் போட்டுக்கொண்டுவிட்டாள் போல. அவள் முன்னால் சுற்றி முடித்த பீடிகள், ஒவ்வொன்றின் முனையையும் கட்டைவிரல் நகத்தால் உள்ளே தள்ளி மடக்கிக்கொண்டிருந்தாள். குச்சியில் செய்த அதே அழுத்து.

அந்த நகத்தை எனக்கு நன்றாகத் தெரியும். திங்கட்கிழமைதோறும் நகம் பார்ப்பேன். ஒன்பது விரலில் நகம் வெட்டியிருப்பாள், வலது கட்டைவிரலில் மட்டும் நீளமாக, மஞ்சளாக விட்டிருப்பாள். சுத்தமில்லாத பிள்ளை என்று ஸ்கேலால் அந்த விரலில் தட்டுவேன். ஒரு வருடமாகத் தட்டியிருக்கிறேன். ஏன் ஒரு நகம் மட்டும் என்று ஒரு தடவை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

என்னைப் பார்த்ததும் இசக்கி கையைப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. தும்மல் என்று சொல்லி முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

"ஏட்டி, குழாயில தண்ணி வருதான்னு பாத்துட்டு வா" என்று வேலம்மாள் அவளை வெளியே அனுப்பினாள்.

"நாளைக்கு ஒருநாள் மட்டும் பிள்ளைய அனுப்பு, வேலம்மா. அவ வரலன்னா நம்ம ஒளிக்கோம்னு ஆயிரும். ஆபீசர நான் பாத்துக்கிடுதேன்."

"நீங்க பாத்துக்கிட்டதுதான் டீச்சர் இப்ப இம்புட்டு தூரம் வந்து நிக்குது" என்றாள். கை பாட்டுக்கு ஒரு இலையைச் சுற்றிக்கொண்டிருந்தது. அதைக் கட்டி முடித்துவிட்டுச் சொன்னாள்: "சரி, அனுப்புதேன். நாளைக்கு மட்டுமில்ல, என் கார்டு தப்பிச்சிட்டுன்னா என்னைக்கும் அனுப்புதேன். ஆனா ஒண்ணு. பிள்ளைய மடக்கச் சொல்லாதன்னு ஒருநாளும் எங்கிட்ட வந்து நிக்கக் கூடாது. அவ மடக்கலன்னா கடைக்குக் குடுக்க வேண்டிய எண்ணம் எனக்கு நிறையாது. வீட்டுக்குள்ள எம் பாடு. நீங்க வரக்கூடாது."

"வரமாட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியமா" என்றேன். யோசிக்கக்கூட இல்லை.

எல்லாரும் செய்தால்

என் திட்டம், அது பீடிக் கட்டே இல்லை, வீட்டில் சுள்ளி கட்டிப் பழகிய கை என்று சாதித்துவிடுவது. வியாழன் இரவு பாத்திமாவிடம் போனில் சொன்னேன். அவள் சொன்னாள்: "ஒருத்தி செஞ்சாத்தான் டீச்சர் கண்ணுல படும். எல்லாரும் செஞ்சா படாது."

வெள்ளிக்கிழமை காலை ஏழரைக்கே வந்துவிட்டோம். பழைய வினாத்தாள்களை நீள நீளமாகக் கிழித்தோம். பாத்திமா ஒரு தாளை எடுத்து, சாய்வாகச் சுருட்டி, நூலால் முடிந்து, முனையை மடக்கிப் போட்டாள். அடுத்தது. அடுத்தது. "விட்டு எவ்வளவோ நாளாச்சி. கை மறக்க மாட்டேங்கு" என்றாள். அதைப் பெருமையாகச் சொல்லவில்லை.

பிள்ளைகள் வந்ததும் இருபத்து மூன்று பேரையும் உட்கார வைத்தோம். சுருட்டு, கட்டு, மடக்கு, இருபத்தைந்து சேர்ந்தால் ஒரு கட்டு. பாதிப் பேருக்குச் சொல்லிக்கொடுக்கவே வேண்டியிருக்கவில்லை. அங்கேதான் எனக்கு இரண்டாவது அடி விழுந்தது. பத்துப் பன்னிரண்டு பேரின் கை, தாள் கிடைத்ததும் தானாகவே போயிற்று. இசக்கி ஒருத்திதான் என்று நான் நினைத்திருந்தேன்.

பதினொரு மணிக்கு வட்டார அலுவலர் வந்தார். வெயிலில் வந்தவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசலில் நின்று பார்த்தார்.

"இது என்ன டீச்சர்?"

"சுருள் கணிதம் சார்." அந்த நிமிடம் வாயில் வந்த பெயர். "உள்ளூர்ப் பொருள், செலவில்லாத உபகரணம். இங்கன எல்லாப் பிள்ளைகளும் செய்யும். அன்னைக்கு ஒரு பிள்ளைய மட்டும் வீடியோ எடுத்தோம்."

"அதென்ன இருபத்தஞ்சு? பத்து பத்தா வச்சா லேசா இருக்கும்லா?"

பாத்திமா முந்திக்கொண்டு சொன்னாள்: "ஒரு கட்டு கால் சார். ரெண்டு கட்டு அரை. மூணு முக்கால். நாலு சேந்தா நூறு. பின்னமும் பெருக்கலும் ஒரே நேரத்துல வந்துரும்."

அவர் தலையை ஆட்டினார். நடந்துபோய் இசக்கி முன்னால் குனிந்தார். "ஒனக்கு யாரும்மா இத சொல்லிக்குடுத்தா?"

இசக்கி என்னைப் பார்த்தாள். என் முகத்தில் என்ன படித்தாளோ, பதிவேட்டில் மெல்லக் கற்பவர் என்று இருந்தவள் ஒரு நொடியில் படித்துவிட்டாள்.

"டீச்சர் சொல்லிக்குடுத்தாவ" என்றாள்.

அலுவலர் நிமிர்ந்து கை தட்டினார். உண்மையான கைதட்டல், சத்தத்தோடு. எந்தப் பள்ளியிலும் இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை என்றார். தினமும் கடைசி ஒரு மணி நேரம் இதற்கு ஒதுக்க வேண்டும், மற்றப் பள்ளிகளிலிருந்து பார்க்க வருவார்கள், இந்தப் பிள்ளையே முன்னால் உட்கார்ந்து செய்து காட்டட்டும் என்றார். அவர் எல்லாம் தெரிந்துதான் நம்மைக் காப்பாற்றினார் என்று பாத்திமா இன்றைக்கும் சொல்லுவாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த மனிதர் முகத்தில் இருந்தது சுத்தமான சந்தோஷம்.

அடுத்த வாரமே சுருள் கணிதம் பல பள்ளிகளுக்குப் பரவியது. பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து தாள் சுருட்டுகிற படங்கள் குழுவில் வந்து குவிந்தன. நடுவில் ஒரு பள்ளியில் சுளகு வைத்துச் செய்திருந்தார்கள், அதற்குத்தான் அதிகக் கைதட்டல். பிள்ளைகளைப் பீடி வேலையிலிருந்து காக்க வேண்டிய இடங்களில் எல்லாம் அதற்கு இலவசப் பயிற்சி கொடுத்த பெருமை என்னைச் சேரும். பாராட்டுச் சான்றிதழ்கூடத் தந்தார்கள். பீரோவில் எங்கேயோ இருக்கிறது.

வண்டி போன பிறகு

வெள்ளிக்கிழமைக்கே திரும்புகிறேன்.

சாயங்காலம் மணி அடித்துப் பிள்ளைகள் ஓடிவிட்டார்கள். பாத்திமா தாள் சுருள்களைச் சாக்கில் அள்ளிக்கொண்டிருந்தாள். வேலம்மாளின் கார்டு தப்பித்தது. பிள்ளை பள்ளிக்கு வந்துவிட்டாள். நான் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டிருந்தேன்.

இசக்கி பையை மாட்டிக்கொண்டு மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"டீச்சர், இனி தெனமும் இங்கயும் மடக்கணுமா?"

பாத்திமாவின் கை நின்றது.

"வேண்டாம்ட்டி" என்றேன். "யாராவது பாக்க வந்தா மட்டும் முன்னால வந்து இரு. மத்த நாள் நீ படம் வரை, கத படி, என்ன வேணும்னாலும் செய்யி. இங்க நீ மடக்காண்டாம்."

இதைச் சொன்னபோது எனக்கு நிஜமாகவே மனசு நிறைந்தது. அவளும் சிரித்தாள். முன்பல் ஒன்று விழுந்திருந்தது, அதை அன்றைக்குத்தான் பார்த்தேன். பிறகு ஒரு அடி கிட்டே வந்து, குரலைத் தாழ்த்தி, ஒரு நியாயமான கேள்வி கேட்டாள்.

"அப்ப வீட்டுலயும் வேண்டாம்னு அம்மைட்ட சொல்லுதியளா?"

அவள் கெஞ்சவில்லை. காரில் வந்த ஆபீசரையே சமாளித்த டீச்சருக்கு அம்மையிடம் ஒரு வார்த்தை சொல்வது பெரிய காரியமா என்றுதான் நினைத்திருப்பாள். நான் பாத்திமாவைப் பார்த்தேன். அவள் சாக்கைத் தூக்கிக்கொண்டு சமையலறைப் பக்கம் போய்விட்டாள்.

"பாக்கலாம்" என்றேன்.

பெரியவர்கள் 'பாக்கலாம்' என்றால் என்ன அர்த்தம் என்று எட்டு வயதுப் பிள்ளைக்குத் தெரியும். "சரி டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போனாள். வாசலைத் தாண்டியதும் ஓடவில்லை, நடந்தேதான் போனாள்.

வேலம்மாளுக்குச் செய்த சத்தியத்தை நான் மீறவில்லை. மீறினால் பிள்ளையை நிறுத்திவிடுவாள், பள்ளிக்கு வருவதே பெரிது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மையாகவும் இருக்கலாம். இசக்கி ஐந்தாம் வகுப்பு முடிக்கும்வரை இரண்டு வருடத்துக்கு மேல் என் கண்முன்னாலேயே இருந்தாள். ஒரு நாள்கூட அந்தக் கேள்வியைத் திரும்பக் கேட்கவில்லை. இன்னும் ஒரே ஒரு தரம் கேட்டிருக்கக் கூடாதா, நான் போய்ச் சொல்லியிருப்பேனே என்று இன்றைக்கும் அந்தப் பிள்ளையைத்தான் குறை சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவ்வளவு வெட்கம் கெட்டவள் நான்.